எஃப்3 தட்டாமல் வீடு திரும்புவது எப்படி?

போன செமஸ்டர் லீவில் நடந்த கூத்து இது. மைன்கிராஃப்ட்டில் நாலு நாள் உட்கார்ந்து ஒரு வீடு கட்டினேன். வைரம் தேடி ஒரு குகைக்குள் போனவன், வேறு ஏதோ பொந்து வழியாக வெளியே வந்தேன். எங்கே பார்த்தாலும் ஒரே மரம், ஒரே மலை. வீடு எந்தப் பக்கம்? ம்ஹூம்...

திசைகாட்டி இல்லையா என்று கேட்காதீர்கள். இந்த விளையாட்டில் அது வடக்கைக் காட்டாது, உலகம் தொடங்கிய இடத்தைத்தான் காட்டும். என் வீடோ அங்கிருந்து வெகுதூரம். இருட்டியது, ஜோம்பி வந்தது, கதை முடிந்தது. கண் விழித்தால் வீட்டுக் கட்டில்! ஆக, எனக்கு வழி காட்டியது ஜோம்பிதான் :-) ஆனால் வைரமெல்லாம் செத்த இடத்தில் கிடக்கிறது. பக்கத்தில் போய்விட்டால் 5 நிமிடத்துக்குள் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மறைந்துவிடும். எனக்கோ அந்த இடமே தெரியாது.

"எஃப்3 தட்டினால் நிற்கிற இடத்தின் எண் வருமே, மக்கு" என்று நண்பர்கள் சிரித்தார்கள். வரும்தான். ஆனால் என்னைக் கேட்டால், அதைத் தட்டாமல் ஆடுவதே மேல். எண்ணைப் பார்த்து ஓடுகிறவன் எண்ணை மட்டும்தான் பார்க்கிறான்.

அதை விட்ட பிறகுதான் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. சூரியன் கிழக்கில் உதிக்கிறது. மேகங்கள் எப்போதும் மேற்கே நகர்கின்றன. சூரியகாந்திப் பூக்கள் நாள் முழுக்கக் கிழக்கையே பார்த்து நிற்கின்றன. குகைக்குள் இதெல்லாம் உதவாது. அங்கே போகும்போது தீப்பந்தங்களை இடது கைப் பக்கமே நட வேண்டும். திரும்பும்போது அவை வலது பக்கம் இருந்தால் வழி சரி. வீட்டு வாசலில் மண்ணை உயரமாக அடுக்கி மேலே ஒரு பந்தம் வைத்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

அப்படியானால் எந்த உதவியும் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. செத்த இடத்தைக் காட்டும் தனித் திசைகாட்டி ஒன்று 2022-ல் வந்தது. ஆனால் அதைச் செய்ய, பூமிக்கடியில் பாழடைந்த நகரத்துக்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சில்லுகள் பொறுக்க வேண்டும். பாடுபட்டுச் சம்பாதித்த கருவி அது. எஃப்3 அப்படியில்லை, ஓசியில் வருவது. நாலு பேர் சேர்ந்து ஆடும்போது "என் வீடு இங்கே" என்று சொல்ல எண் தேவைதான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வைரம் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் அதைத் தேடி அலைந்ததில் அந்த மலையும் ஆறும் எனக்கு அத்துப்படி. இப்போது எங்கே இறக்கிவிட்டாலும் இருட்டுவதற்குள் வீடு வந்துவிடுவேன். நீங்களும் ஒரு வாரம் அந்தப் பொத்தானை மறந்து பாருங்களேன்!