அண்ணாச்சி, செக்கு எண்ணெய்லயும் கலோரி உண்டு!

கொஞ்ச நாளா நம்ம பதிவர் வட்டத்துல உடம்பைக் குறைக்கிற பதிவா வந்து குவியுது. ஒரு கோஷ்டி, "கலோரிங்கிறதே சும்மா கதை, நல்ல சாப்பாடா சாப்பிடுங்க, எடை தானா குறையும்"ங்குது. இன்னொரு கோஷ்டி, "எதை வேணும்னாலும் தின்னுங்க, கணக்குக்குள்ள இருந்தா போதும்"ங்குது. ரெண்டு பேரையும் நம்பி மோசம் போனவன்ங்கிற ஒரே தகுதியில இந்தப் பதிவு. அடிக்க வர்றவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டு வாங்க.

முதல்ல சொந்தக் கதை. நமக்கு சிவகாசியில அச்சகத்துல கணக்கு எழுதுற வேலை. நாள் பூரா நாற்காலிதான். எடை 91 கிலோ. டாக்டர் "சுகர் பார்டர்ல நிக்குது"ன்னு சொன்னதும் பயந்துபோய் முதல் கோஷ்டியில சேர்ந்தேன். ரீஃபைண்ட் எண்ணெய் போச்சு, செக்கு நல்லெண்ணெய் வந்துச்சு. சீனி போச்சு, கருப்பட்டி வந்துச்சு. கம்பு தோசை, தினைப் பாயசம்னு ஜமாய்ச்சேன். நல்லதுதானேன்னு தினமும் ரெண்டு தோசை கூடவே உள்ள போச்சு. மூணு மாசத்துல 93!

ஏன்? செக்குல ஆட்டினாலும் மில்லுல எடுத்தாலும் எண்ணெய்ன்னா கிராமுக்கு 9 கலோரி. சீனியும் கருப்பட்டியும் கிராமுக்கு ஏறக்குறைய 4. பேரு மாறினதால கணக்கு மாறாது அண்ணாச்சி. அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துல மார்க் ஹாப்னு ஒரு சத்துணவுப் பேராசிரியர். 2010ல பெரும்பாலும் பாக்கெட் கேக்கும் சிப்ஸுமா சாப்பிட்டு, ஒரு நாளைக்கு 1800 கலோரிக்குள்ள நின்னு, பத்து வாரத்துல 12 கிலோ குறைச்சுக் காட்டினாரு. குப்பையைத் தின்னும் எடை குறையும். முதல் கோஷ்டி இதுக்குப் பதில் சொல்லட்டும்.

"பாத்தியா, நாங்க சொன்னோம்ல"ன்னு ரெண்டாவது கோஷ்டி குதிக்க வேணாம். அடுத்து அங்கதான் சேர்ந்தேன். பகல்ல அரைப்பட்டினி, ராத்திரி விருதுநகர் எண்ணெய் பரோட்டா ரெண்டு, சால்னாவோட. கணக்கு கரெக்ட். மூணு கிலோ குறைஞ்சும் போச்சு. ஆனா சாயங்காலம் நாலு மணி ஆனா பசியில கை நடுங்கும், பக்கத்து சீட்டுக்காரர் மேல எரிஞ்சு விழுவேன். ஒரு ராத்திரி ரெண்டு, நாலாகி, ஆறாச்சு. அதோட கணக்கு நோட்டு பரண் மேல போயிருச்சு. போன மூணு கிலோவும் பத்திரமா திரும்பி வந்துச்சு. கணக்குல தப்பில்ல. கணக்குப் போடுறவனுக்குப் பசிக்கும்ங்கிறதைத்தான் அந்தக் கோஷ்டி மறந்துருச்சு.

இதையும் சோதிச்சுப் பாத்திருக்காங்க. 2019ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால்ங்கிறவர் 20 பேரை உள்ளயே தங்க வச்சாரு. ரெண்டு வாரம் பாக்கெட் வகைச் சாப்பாடு, ரெண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரி சாப்பாடு. தட்டுல வச்ச கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ரெண்டுலயும் சமம். வேணுங்கிற அளவு சாப்பிடலாம். பாக்கெட் சாப்பாட்டுல அவங்களே அறியாம தினம் 500 கலோரி போல கூடுதலாச் சாப்பிட்டு, சுமார் ஒரு கிலோ ஏறினாங்க. மத்ததுல சுமார் ஒரு கிலோ இறங்கினாங்க. ஆக, எவ்வளவு கலோரி உள்ள போகுதுன்னு முடிவு பண்றதே சாப்பாட்டோட தரம்தான்.

இதுக்கு அமெரிக்கா போக வேணாம், சாத்தூர் போதும். காராச்சேவும் அங்கதான் பேர்போனது, வெள்ளரிக்காயும் அங்கதான் பேர்போனது. 100 கிராம் சேவுல 500 கலோரிக்கு மேல. அதே கலோரிக்கு மூணு கிலோவுக்கு மேல வெள்ளரிக்காய் திங்கணும். சேவை பஸ் கிளம்புறதுக்குள்ள முடிச்சிருவோம். மூணு கிலோ வெள்ளரிக்காயை எவனாவது தின்னு காட்டுங்க பாப்போம்!

இப்ப நெஞ்சுல இருக்கிறதைச் சொல்லிடறேன். எங்க தெருவுல ஒரு அக்கா, தினம் விடியக்காலை வேன் ஏறி பயர் ஆபீஸ் போறவங்க (எங்க பக்கம் பட்டாசு ஆலைக்கு அதான் பேரு). 45 கிலோகூட இருக்க மாட்டாங்க. அவங்களுக்கும் சுகர். மூணு வேளையும் சோறு, மேல கொஞ்சம் குழம்பு. பருப்பும் முட்டையும் பிள்ளைங்களுக்கு. அவங்ககிட்ட போய் "கலோரியைக் குறைங்கக்கா"ன்னு சொல்லுவீங்களா? இருக்கிறதே எலும்பு! புனே டாக்டர் யாஜ்னிக், 2004ல தன்னையும் யுட்கின்ங்கிற வெள்ளைக்கார நண்பரையும் ஒப்பிட்டு எழுதினாரு. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒண்ணுதான், 22.3. உடம்புக் கொழுப்பு நண்பருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. எடை மெஷின் இதைச் சொல்லாது.

மதிய உணவு கொண்டுவந்த காமராஜர் பிறந்த ஊரு விருதுநகர். அந்தத் திட்டத்துலயே வெறும் சோறு பத்தாதுன்னு பின்னாடி முட்டை சேர்த்தாங்க. அரசாங்கத்துக்குப் புரிஞ்சது நமக்கு ஏன் புரியல?

என் கட்சி இதுதான்: எடை மெஷினுக்குக் கலோரி போதும். அதைக் கட்டுப்படுத்தி வாழப்போற மனுஷனுக்குத் தரமும் அதே அளவு வேணும். இப்ப சுண்டல், முட்டை, கீரை, அளவா சோறு, மாசத்துக்கு ஒரு தடவை பரோட்டா. எடை 85. நாலு மணிக்கு யார் மேலயும் எரிஞ்சு விழுறதில்ல.

டிஸ்கி: அந்த அக்காவுக்குக் கட்டுப்படியாகிற விலையில ஒரு நாள் சாப்பாட்டுப் பட்டியல் யாராவது எழுதுங்கப்பா. பேலியோ, கீட்டோன்னு வந்தா பின்னூட்டத்துலயே சரவெடி கொளுத்துவேன்.