மலையேறும் மோட்டார் சைக்கிளும் அதன் மூட்டையும்

சேந்தமங்கலத்தின் வழியே கொல்லிமலைக்கு மோட்டார் சைக்கிளிற் செல்லும் வாலிபர் பலர். வாகனத்தைத் தெரிந்தெடுப்பதிற் காட்டும் கவனத்தை அதன்மீது பாரம் கட்டுவதில் அவர்கள் காட்டுவதில்லை என்பதே நம் குறை.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள. பின்சக்கரத்துக்கு அப்பால் உயரத்திலே பெரும்பெட்டியை ஏற்றினால், ஏற்றத்தில் முன்சக்கரம் தரையைப் பற்றும் வலுக் குன்றும். திருப்பிய பக்கம் வண்டி திரும்பாது. ஆதலின் கருவிகள், தண்ணீர் முதலிய கனத்த பொருள்கள் தாழ்வாகவும், ஓட்டுவோனுக்கு அண்மையிலும், இருபுறமும் ஒத்த எடையாகவும் அமைதல் வேண்டும். மேலே வைக்கத்தக்கது இலேசான உடையே.

அலுமினியப் பெட்டிகள் உறுதியானவை, பூட்டத்தக்கவை என்பதை மறுக்கோம். ஆயினும் வெறும்பெட்டியே கனம். அதன் அகலம் குறுகிய வளைவில் இடையூறு. வண்டி சாய்ந்தால் காலை நசுக்கவும் கூடும். மென்பையே நன்று என்பது நம் துணிபு. அதற்காகச் சீமைக்கு எழுத வேண்டுவதில்லை. லாரிக்கூண்டு கட்டுவதிற் பேர்பெற்ற நாமக்கல் அருகிலேயே உளது. தார்ப்பாய் தைப்போர் அளவுக்கேற்ற பையையும், இரும்பு பற்றவைப்போர் அப்பை புகைக்குழாயிற் படாமற் காக்கும் சட்டத்தையும் செய்து தருவர்.

1974-இல் மரித்த எவ்லின் பிராண்ட் அம்மையார், முதுமையிலும் இம்மலைக் கிராமங்களுக்கு மட்டக்குதிரையேறிச் சென்று ஊழியஞ் செய்தார். குதிரை தளர்ந்தால் நின்றுவிடும். இயந்திரமோ நம்மைத் தள்ளிய பின்னரே நிற்கும். ஆகவே, புறப்படுமுன் மூட்டையை மீண்டும் அவிழ்த்து, வேண்டாதவற்றை வீட்டிலேயே விடுவோமாக.