மூன்றே மூன்று சர்வதேசப் போட்டிகள்

என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மென்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள். ரொனால்டோவின் சம்பளத்தைக் கேட்டால் பெருக்கல் வாய்ப்பாட்டை விட வேகமாகச் சொல்வார்கள். சார்ளி ரொபர்ட்ஸ் யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளை விடுங்கள், இரவிரவாக மெச் பார்த்துவிட்டு இங்கே வந்து சண்டை பிடிக்கும் நமக்குத் தெரியுமா?

டார்லிங்டனில் 1883இல் பிறந்தவர். 1904இல் கிரிம்ஸ்பியிலிருந்து 600 பவுணுக்கு யுனைடெட் அவரை வாங்கியது. நடுக்கள வீரர், கெப்டன். 1908இல் லீக், 1909 ஏப்ரலில் எஃப்.ஏ. கிண்ணம், 1911இல் மீண்டும் லீக். அந்தக் கழகத்தின் முதல் வெற்றிகள் எல்லாம் இவர் தலைமையில் வந்தவைதான்.

அப்போது ஒரு வீரனுக்கு வாரச் சம்பளம் அதிகபட்சம் நான்கு பவுண். எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் சட்டப்படி அதற்கு மேல் இல்லை. கழகம் விடாவிட்டால் வேறு கழகத்துக்குப் போகவும் முடியாது. இதை எதிர்த்துத்தான் 1907இல் ரொபர்ட்ஸும் பில்லி மெரடித்தும் மற்றவர்களும் மென்செஸ்டரில் வீரர்கள் சங்கத்தை அமைத்தார்கள்.

1909 கோடையில் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் கட்டளை போட்டது: தொழிற்சங்கத்தை விட்டு விலகுங்கள், இல்லாவிட்டால் விளையாட முடியாது. நாடு முழுவதும் வீரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். யுனைடெட் வீரர்கள் விலகவில்லை. சில மாதங்களுக்கு முன் கிண்ணத்தைத் தூக்கியவர்கள், இப்போது சம்பளம் இல்லாமல் தாங்களாகவே பயிற்சி செய்தார்கள். எவர்டனின் டிம் கோல்மனும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். 'ஒதுக்கப்பட்டவர்கள் கழகம்' என்று பலகையில் எழுதி வைத்து எல்லோரும் படம் பிடித்துக்கொண்டார்கள். சந்தா கட்டவே பத்துத் தரம் யோசிக்கும் நம்மைப் போன்றவர்கள் அந்தப் படத்தை ஒரு தரம் தேடிப் பார்க்க வேண்டும். பருவம் தொடங்குவதற்கு முதல் நாள் மேலிடம் இறங்கி வந்தது. சங்கம் பிழைத்தது. நான்கு பவுண் விதி அப்படியே இருந்தது.

ரொபர்ட்ஸ் இங்கிலாந்துக்காக ஆடியது மூன்றே போட்டிகள், மூன்றும் 1905இல். தொழிற்சங்கம்தான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். சங்கம் உருவானது அதற்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு, ஆகவே முழுப் பழியையும் அதன் மேல் போட முடியாது. ஆனால் இரண்டு தரம் லீக்கை வென்ற கெப்டனை அந்த உச்சக் காலத்தில் ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லையே, அதைத் தற்செயல் என்று நம்ப நான் தயாரில்லை. முழங்காலை மூட வேண்டும் என்று விதி இருந்தபோதும் கட்டைக் காற்சட்டையோடு மைதானத்தில் இறங்கியவர் அவர். அப்படிப்பட்டவரைத் தெரிவுக்குழுக்கள் எங்கேயும் விரும்புவதில்லை.

1913இல் யுனைடெட் அவரை ஓல்டமுக்கு 1500 பவுணுக்கு விற்றது. அவர் தலைமையில் ஓல்டம் 1914-15இல் ஒரே ஒரு புள்ளியால் லீக்கைத் தவறவிட்டது. யுனைடெட் அந்த வருடம் இருபது அணிகளில் பதினெட்டாவது. போருக்குப் பிறகும் அவர் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1939இல் காலமானார்.

சம்பள உச்சவரம்பு நீங்கியது 1961இல்.