வரி இல்லை எனினும் கணக்கு உண்டு

"நம் சங்கத்திற்குத்தான் வரி கிடையாதே, வருமான வரி விவரப் பத்திரம் எதற்கு?" என்று கேட்கும் காரியதரிசிகள் இன்றும் பலர் உளர். இவ்வெண்ணம் சங்கத்தின் முதலுக்கே கேடு விளைப்பதாகும்.

நெசவு போன்ற குடிசைத் தொழில் நடத்தும் சங்கங்களுக்கும், அங்கத்தினர் விளைவித்த பொருளை விற்றுத் தரும் சங்கங்களுக்கும், அத்தொழிலின் லாபம் முழுமைக்கும் சட்டம் வரிக்கழிவு அளிக்கிறது. ஆயினும், உரிய தேதிக்குள் பத்திரம் தாக்கல் செய்த சங்கத்திற்கே அக்கழிவு என்று 2018-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நிபந்தனை விதித்தது. தணிக்கைக்கு உட்பட்ட சங்கங்களுக்கு அத்தேதி அக்டோபர் 31. அது தவறினால், 2 லட்சம் ரூபாய் லாபத்தின் மீது சாதாரண விகிதப்படி வரி மட்டும் 57,000 ரூபாய். தாமதக் கட்டணமும் வட்டியும் வேறு. தறியிலும் வயலிலும் உழைத்தோருக்குப் பங்கு ஈவாகச் சேர வேண்டிய பணம் அன்றோ அது?

தணிக்கை தாமதமாயிற்று என்பது சிலர் கூறும் சமாதானம். அக்காரணத்தை ஏற்று, 2018-19 முதல் 2022-23 வரையிலான கணிப்பு ஆண்டுகளுக்குத் தாமதத்தை மன்னிக்க 2023-இல் வழி செய்யப்பட்டது. அத்தகைய சலுகை மீண்டும் வருமென்று நம்பியிருத்தல் நிர்வாகம் ஆகாது.

வங்கி வட்டியிலும் கவனம் தேவை. விற்பனைச் சங்கம் ஒன்றின் உபரிப் பணத்திற்குக் கிடைத்த வட்டி தொழில் லாபம் ஆகாது என 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய நுட்பங்களைக் குமாஸ்தாவின் தலையில் சுமத்துவது முறையன்று.

ஆகவே, ஏப்ரல் மாதத்திலேயே பட்டயக் கணக்கர் ஒருவரை நிர்வாகக் குழு அமர்த்துக. அவருக்குத் தரும் ஊதியம் வீண் செலவன்று. அங்கத்தினரும் பேரவையில் லாபம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாது, பத்திரம் எந்தத் தேதியில் தாக்கலாயிற்று என்றும் கேட்டு, அதற்குரிய ஒப்புகைச் சீட்டைக் கண்ணால் கண்டறிவாராக.