பேர் வைத்தால் போதுமா?



தாய் நிரல் ஒன்று. தேவைக்கேற்ப அதில் செருகிக் கொள்ளும் சிறு நிரல்கள் பல. இவற்றைத்தான் 'ப்ளக்-இன்' என்கிறோம். இந்தச் சிறு நிரலுக்கு என்ன பெயர் வைப்பது? அதைத் தாய் நிரலிடம் எப்படிப் பதிவு செய்வது? "பேருல என்னப்பா இருக்கு, ஓடினா சரி" என்று நம்மில் பலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

எங்க ஊர் தென்னேரியையே எடுத்துக் கொள்ளுங்கள். திரையனேரி என்ற பெயர்தான் மருவித் தென்னேரி ஆயிற்று என்பார்கள். பேச்சு வழக்கில் ஒரே கழனிக்கு மூணு பேர் இருக்கும். ஆனால் பத்திரம் எழுதும்போது கேட்பது புல எண்ணைத்தான். அந்த எண்ணும் தனியே செல்லாது. பக்கத்து ஊரிலும் அதே எண் இருக்குமே! ஊர்ப் பெயரும் எண்ணும் சேர்ந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானால்தான் சிக்கல் தீரும்.

நிரலுக்கும் இதே நியாயம்தான். லினக்ஸில் தமிழ் தட்டச்சுக்கு உதவும் எம்17என் நூலகத்தைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு விசைப்பலகையும் ஒரு தனிக் கோப்பு. மொழிக் குறியீடு, விசைப்பலகையின் பெயர் இரண்டையும் கோப்பின் தொடக்கத்திலேயே அறிவித்து விடுகிறார்கள். தமிழ்99-ம் உண்டு, இலங்கையில் வழங்கும் ரெங்கநாதனும் உண்டு. 'இன்ஸ்கிரிப்ட்' என்ற பெயர் தமிழ், இந்தி, தெலுங்கு மூன்றுக்கும் இருந்தும் மோதல் இல்லை. முன்னால் மொழிக் குறியீடு நிற்கிறதே! கோப்பை உரிய இடத்தில் போட்டால் அதுவே பதிவு. தாய் நிரலில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம்.

பெயர் விஷயத்தில் கோட்டை விட்டால் என்ன ஆகும்? 2016 மார்ச்சில் உலகமே பார்த்தது. என்பிஎம் என்ற பொது நிரல் களஞ்சியத்தில் 'கிக்' என்ற பெயருக்கு ஒரு நிரலாளரும், அதே பெயருடைய நிறுவனமும் உரிமை கோரினர். பெயர் நிறுவனத்துக்குப் போனது. கோபித்துக் கொண்ட நிரலாளர் தன்னுடைய 250-க்கும் மேற்பட்ட நிரல்களை விலக்கிக் கொண்டார். அவற்றில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'; வெறும் 11 வரி! அதை நம்பியிருந்த எத்தனையோ மென்பொருள் வேலைகள் அப்படியே நின்றன. நிரலில் பிழை இல்லை. பெயர் யாருக்குச் சொந்தம், பதிவை யார் நீக்கலாம் என்பதற்குச் சரியான விதி இல்லாததே காரணம் என்பேன்.

இப்போ நம்ம லேபுக்கு வருவோம். 'டெஸ்ட்1', 'நியூ', 'ஃபைனல்2'... இப்படித்தானே கிடக்கிறது? அடுத்த வருஷம் வரும் தம்பி, தங்கைகள் எதை நம்பித் திறப்பார்கள்? சீனியர் முடித்ததன் மேல் கட்ட முடியாமல், ஒவ்வொரு செட்டும் முதலிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியதுதான். நம் மூன்றாண்டு உழைப்பு நம்மோடு போக வேண்டுமா?

எனவே நம் மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள்: லேபில் ஒரு பெயர்ப் பதிவேடு வையுங்கள். துறை, ஆண்டு, செய்யும் வேலை என்ற வரிசையில் பெயர் அமையட்டும். திரையில் தெரியும் பெயரை எப்படி வேண்டுமானாலும் அழகுபடுத்துங்கள். பதிவான பெயரில் கை வைக்காதீர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால், பழைய பெயரைக் கூப்பிட்டாலும் புதியது வரும்படி செய்யுங்கள். ஒரே பெயரில் இரண்டாவது வந்தால் தாய் நிரல் சும்மா ஏற்காமல், "இந்தப் பேர் ஏற்கெனவே இருக்கு" என்று உடனே சொல்லட்டும்.

இதுக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நாம் போன பிறகும் நம் நிரல் ஓடட்டும்! பெயரிடுவோம், பதிவு செய்வோம்!