மனையைத் தனிக்கவிட்டு மன்றத்தை வளர்ப்பதா?

பொதுத்தொண்டு என்னும் சொல்லின்மேல் ஒரு தவறான பொருள் படிந்து கிடக்கின்றது. வீட்டை மறந்தவனே தொண்டன், வீட்டை நினைப்பவன் தன்னலக்காரன் என்பதே அது. அரசியல் மேடைகளில் மட்டுமன்று; பொங்கல் விடுமுறையில் ஊர்தோறும் நாடகம் நடத்துகின்ற நம் இளைஞர்தம் நெஞ்சங்களிலும் இக்கருத்து வேரூன்றி நிற்கின்றது. இதனைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகும்.

நாடகத்தை யாம் குறைத்து மதிப்பிடுகின்றோம் என எவரும் எண்ணிவிட வேண்டா. முத்தமிழில் ஒரு கூறு நாடகம். திரையும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் மக்களைத் தனித்தனியே பிரித்து அமர்த்திவிட்ட இந்நாளில், ஓர் ஊரே ஒரு பந்தலின் முன் ஒன்றாய் அமர்ந்து, தம்முள் ஒருவன் மன்னனாய் வருவதையும் மற்றொருவன் உழவனாய் அழுவதையும் கண்டு நெகிழ்வது சிறுநிகழ்ச்சியன்று. அதனைக் காத்துவரும் ஊர்ப்புற மன்றங்களுக்கு நம் நன்றி என்றும் உரியது.

ஆனால், தொழில்முறைக் குழுவினர்க்கும் ஊர் மன்றத்தார்க்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. தெருக்கூத்துக் கலைஞர்க்குக் கூத்தே பிழைப்பு. பங்குனி தொடங்கி ஆடி வரையில் ஊர் ஊராய்ச் செல்லுதல் அவர்தம் தொழிலின் இயல்பு. சங்கரதாசு அடிகளார் 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடகக் குழு அமைத்த காலத்தே, அதிற் சேர்ந்த தி. க. சண்முகம் ஏறத்தாழ ஆறு அகவைச் சிறுவர். அத்தகைய சிறுவர்க்குக் குழுவே பள்ளியாகவும் வீடாகவும் அமைந்தது. இதற்கு மாறாக, பம்மல் சம்பந்தனார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, வேறு தொழில் பார்ப்போர் ஓய்வுப்பொழுதில் நடிக்கும் புதுமரபை வளர்த்தது. அவரே வழக்கறிஞராகவும், பின்னர்ச் சிறுவழக்கு மன்ற நடுவராகவும் பணியாற்றியவர்.

நம் ஊர் மன்றங்கள் இவ்விரண்டாம் மரபின் வழிவந்தவை. பிழைப்பு ஓரிடம், கலை ஓரிடம். எனவே, கலைக்குரிய பொழுது எங்கிருந்து வரும்? வேலைநாளிலிருந்து வாராது, முதலாளி விடமாட்டான். விடுமுறையிலிருந்துதான் வரவேண்டும். அவ்விடுமுறையோ ஏற்கெனவே மனைவிக்கும் மக்களுக்கும் முதிய பெற்றோர்க்கும் உரியதாய் உள்ளது. சிக்கலின் கரணியம் இதுவே. இஃது எவருடைய தீய எண்ணத்தாலும் விளைந்ததன்று.

கணக்கிட்டுப் பார்ப்போம். திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் ஓர் இளைஞன், போகியன்று காலை ஊர் வந்து, காணும் பொங்கலன்று இரவு திரும்புகின்றான் எனக் கொள்க. நான்கு நாள், 96 மணி. உறக்கத்திற்கு 28 மணியைக் கழித்தால் எஞ்சுவன 68. போகி மாலையும் பொங்கல் மாலையும் ஒத்திகைக்கென ஆறாறு மணி. மாட்டுப்பொங்கலன்று பந்தல், ஒளியமைப்பு, ஒப்பனை, நாடகம் என 16 மணி. மறுநாட் காலை கண்ணயர்வதற்கும் மேடை பிரிப்பதற்கும் ஆறு மணி. ஆகமொத்தம் 34. சரிபாதி போயிற்று! அதுவும் எந்தப் பாதி? பிள்ளைகள் விழித்திருக்கும் மாலைப்பொழுது. குடும்பம் ஒன்றாய் அமர்ந்து உண்ணும் வேளை. தந்தையை ஆண்டில் சில நாளே காணும் குழந்தைக்கு எஞ்சுவது, களைத்துறங்கும் ஓர் உடல்.

"பொதுப்பணிக்கு ஈகம் வேண்டாவா?" எனக் கேட்பர். வேண்டும். ஆயின், ஈகம் என்பது தன்னுடையதைக் கொடுத்தல். பிள்ளைக்குரிய மாலைப்பொழுதை எடுத்து ஊருக்குக் கொடுப்பவன் தன்னுடையதைக் கொடுத்தவன் ஆகான். பிறர் பொருளை எடுத்து அறம் செய்தவனே ஆவான். அவன் மேடையில் நிற்கும்பொழுது வீட்டில் பானை கழுவுபவள் யார்? மாட்டைக் குளிப்பாட்டுபவர் யார்? ஒத்திகைக்கு வந்த பதின்மர்க்குச் சோறாக்கிப் போடுபவள் யார்? மாலையும் கைதட்டலும் அவனுக்கு, உழைப்பு அவளுக்கு. அவளை எவரேனும் ஒரு சொல் கேட்டதுண்டா?

இன்னும் ஒன்று. இம்மேடைகளிற் பேசப்படுவன யாவை? பெண்ணுரிமை, குடிப்பழக்கத்தின் கேடு, பெற்றோரைப் பேணுதல்! அவ்வுரையாடல்களை முழங்குகின்றவனின் மனைவி கூட்டத்தின் கடைசியில் உறங்கும் குழந்தையைத் தோளிலிட்டு நின்று கேட்கின்றாள். அவள் நெஞ்சில் அச்சொற்கள் எவ்வாறு ஒலிக்கும்? நம் இளைஞர் கோவலர் அல்லர், அஃதறிவோம். எனினும், புகார் நகரமே இந்திர விழாவில் களித்திருக்க, கண்ணகியின் கண் நீர் உகுத்ததை இளங்கோவடிகள் காட்டியிருக்கின்றார். ஊரின் களிப்புக்கிடையே ஒரு மனையின் தனிமையையும் நோக்கியவர் அவர். அந்நோக்கு நமக்கும் வேண்டும்.

அங்ஙனமாயின் நாடகத்தைக் கைவிடுவதா? அன்று. நம் கூத்து மரபே வழிகாட்டுகின்றது. கூத்து நடக்கும் இரவில் குடும்பம் முழுவதும் பாயும் போர்வையுமாய்த் திடலுக்கு வந்துவிடும். பிள்ளைகள் அங்கேயே உறங்குவர். சிறந்த கட்டம் வருங்கால் தாய் எழுப்பிக் காட்டுவாள். கலை வீட்டைப் பிரிக்கவில்லை. வீடே கலைக்களத்திற்கு வந்தது. ஆடவர் மட்டும் கூடும் மன்றமாக நாடகத்தைச் சுருக்கிக்கொண்டது நம் குறை.

எனவே, மன்றத்தார்க்குச் சில சொல்வோம். ஒத்திகையை விடுமுறைக்குள் அடைக்காதீர். வெளியூரில் இருப்போர் தத்தம் பகுதியைப் படியெடுத்துச் சென்று, கார்த்திகை, மார்கழியிலேயே மனப்பாடம் செய்து வரலாம். தொலைபேசி வழியே உரையாடிப் பழகலாம். ஊரில் ஓர் ஒத்திகை போதும். பொங்கல் நாளில் மன்றத்தின் கதவு பூட்டியே இருக்கட்டும். ஐந்து மணி நேர நாடகத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்குக. இரவு பத்து மணிக்குள் முடித்திடுக. பெண் கதைமாந்தர்க்கு வெளியூர் நடிகையரைப் பணம் கொடுத்து அழைப்பது பல ஊர்களில் வழக்கம். நும் துணைவியரும் தங்கையரும் விரும்பின் அவர்களே நடிக்கட்டும். அவர் நடிக்கும்பொழுது அடுப்படியை ஆடவர் பார்த்துக்கொள்க. பிள்ளைகளுக்குத் திரை இழுக்கவும் பறை கொட்டவும் பணி தருக.

வீட்டாரிடத்தும் ஒரு சொல். மேடையேறும் மகனைக் கூத்தாடி எனப் பழித்தல் வேண்டா. ஊருக்கென அவன் செய்வது வீணன்று. ஆயினும், எத்தனை நாள், எத்தனை மணி என முன்கூட்டியே கேட்பது நும் உரிமை. அதனைக் கேளுங்கள்.

இவற்றைச் செய்யாத மன்றம் நெடுநாள் நில்லாது. மணமான ஆண்டே நடிகன் விலகுவதும், மூன்றாம் ஆண்டில் மன்றமே மூடப்படுவதும் நாம் காணாதவை அல்ல. பழி மனைவிமேல் விழும். பிழையோ மன்றத்தின் அமைப்பில் உள்ளது. இல்லம் வாழ்த்தி அனுப்பும் கலையே ஊரில் நிலைக்கும். இளைஞர்களே, வரும் பொங்கலுக்கு நாடகம் எழுதத் தொடங்குமுன், நும் வீட்டாரோடு அமர்ந்து அந்நான்கு நாளையும் பங்கிட்டுக்கொள்ளுங்கள்!