பஞ்ச காலப் பணமும் ரேஷன் பட்டியலும்

பொருளாதாரச் சரிவின்போது எளிய குடும்பங்களுக்கு அரசு தரும் ரொக்க உதவியைத் தொகையின் அளவைக் கொண்டே எடைபோடுவது வழக்கமாகிவிட்டது. எந்தப் பட்டியலை வைத்து, எத்தனை நாளில் கொடுக்கப்பட்டது என்பதே அதனினும் முக்கியமானது என்பதைப் பெருந்தொற்றுக் காலத் தமிழ்நாடு காட்டியது. 2020 மார்ச் இறுதியில் அரிசி பெறும் குடும்ப அட்டை ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் அறிவிக்கப்பட்டன. ஆட்சி மாறிய 2021இல், சுமார் 2.07 கோடி அட்டைகளுக்கு மே, ஜூன் மாதங்களில் இரு தவணையாக 4,000 ரூபாய் வழங்கப்பட்டது.

சரிவில் அடிபடுவோர் அனைவரும் ஏற்கெனவே வறுமைக் கணக்கில் இருந்தவர்கள் அல்லர். திருச்சி உறையூரின் கூலி நெசவாளர் பாவும் ஊடையும் பெற்று, நெய்த சேலைக்குக் கூலி வாங்குபவர். விற்பனை நின்றால் பாவு வராது, தறி சொந்தமாக இருந்தும் அடுப்பு எரியாது. திருவரங்கத்தில் கோயில் நடை பக்தர்களுக்கு அடைக்கப்பட்டதும் பூக்கட்டுவோர், சிறுகடைக்காரர் ஆகியோரின் வரும்படி ஒரே நாளில் நின்றது. திருச்சியின் காந்தி சந்தை மூடப்பட்டு மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குப் போனபோது, சந்தையை ஒட்டிப் பிழைத்தவர்களின் அன்றாடமும் குலைந்தது. மாதச் சம்பளமின்றித் தட்டுக் காணிக்கையை நம்பியிருந்த அர்ச்சகர்களுக்கு 2021இல் தனியே 4,000 ரூபாயும் அரிசியும் மளிகையும் தர நேர்ந்ததே, வறுமைக் கோடு என்னும் அளவுகோல் இத்தகைய வேளையில் எவ்வளவு குறைபாடுடையது என்பதற்குச் சான்று.

1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் எனப் பிரித்தபோது, தமிழ்நாடு அனைவருக்குமான முறையைக் கைவிடவில்லை. வேண்டாதவருக்கும் சிறிது போய்ச் சேரும் சேர்ப்புப் பிழை அதில் உண்டுதான். ஆனால் வேண்டியவர் விடுபட்டுப்போகும் விலக்குப் பிழை, பசி நாளில் அதைவிடக் கொடியது. நாளும் நேரமும் குறித்த டோக்கனை வீட்டிலேயே கொடுத்து, பழகிய ரேஷன் கடையில் பணத்தைக் கையில் தர, அனைவருக்குமான அந்த முறையின் அட்டைப் பட்டியலே பெருந்தொற்றின்போது உதவியது. அப்போது மத்திய அரசு மூன்று மாதங்களுக்கு மாதந்தோறும் அளித்த 500 ரூபாயோ ஜன்தன் வங்கிக் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மட்டுமே கிடைத்தது. ஆனாலும் உள்ளூர் அட்டையில்லாத வெளிமாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டின் ரொக்கத்துக்கு வெளியே நின்றனர். இருவர் குடும்பத்துக்கும் எண்மர் குடும்பத்துக்கும் ஒரே தொகை என்பதும் நியாயமன்று.

2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய், மின் பயன்பாடு 3,600 யூனிட் போன்ற வரம்புகளை வைத்தது. நிலையான மாத உதவிக்கு அவை பொருந்தலாம். சென்ற ஆண்டின் மின்கணக்கோ இந்த மாதம் நின்றுபோன கூலியைச் சொல்லாது. பொருளியலார் ‘தானியங்கு நிலைப்படுத்தி’ என்பது, வேலையும் வருமானமும் சரிந்ததும் புதிய அறிவிப்புக்குக் காத்திராமல் தானே இயங்கும் செலவுத் திட்டமாகும். தமிழ்நாட்டில் பட்டியலும் ரேஷன் கடையும் உண்டு, உதவியைத் தானே தொடங்கிவைக்கும் விதிதான் இல்லை. 2021 பொங்கலுக்கு அட்டைக்கு 2,500 ரூபாய் கிடைத்தது சட்டமன்றத் தேர்தலுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பு. பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் வணிகக் கடைகள் மூடப்பட்டதோ அந்தத் தேர்தல் முடிந்த பிறகு.